நார் சொன்ன கணக்கு

மேல்கோட்டை ஒரு மலை ஊர். கர்நாடகத்தில் மாண்டியா மாவட்டத்தில் இருக்கிறது. மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். முன்பு அந்தப் பகுதி முழுவதும் மைசூர் மாவட்டமாக இருந்தது. 1939-ல் மாண்டியா தனி மாவட்டம் ஆனது.

ஊருக்குள் செல்வநாராயணர் கோயில். மலை உச்சியில் யோக நரசிம்மர் கோயில். ராமானுஜர் பல ஆண்டுகள் தங்கிய ஊர் இது. அதனால் கன்னட நாட்டின் நடுவே இருந்தாலும், பல வீடுகளில் இன்றும் தமிழ் கேட்கும்.

மலை உச்சிக்குப் போகப் படிகள் உண்டு. நூற்றுக்கணக்கான படிகள். ஏறுபவர்களுக்கு மூச்சு வாங்கும். இறங்குபவர்களுக்கு முழங்கால் நடுங்கும்.

இந்தப் படிகளின் அடியில் பூ விற்கும் ஓர் அம்மாவின் கதையைப் படிப்போம். கதை கற்பனைதான். ஆனால் அதில் வரும் நோய் உண்மை. நம் ஊரிலும் பலருக்கு இருக்கிறது.

வழுக்கிய படி

பூக்கார அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் தமிழ் பேசுவார். கடையில் கன்னடம் பேசுவார். காலையில் துளசியும் சாமந்தியும் கட்டுவார். கூடையைத் தலையில் வைத்துப் பாதிப் படி வரை ஏறி விற்பார். அவர் வருமானத்தில்தான் பேரன் பள்ளிக்கூடம் போகிறான்.

ஐப்பசி மாதம். மழை பெய்து படி ஈரமாக இருந்தது. இறங்கும்போது கால் வழுக்கியது. வலது முழங்கால் திருகிக்கொண்டது. மறுநாள் காலையில் முட்டி பனங்காய் போல வீங்கிவிட்டது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. "மூட்டில் கொஞ்சம் தேய்மானம் இருக்கிறது. இப்போது அடியும் பட்டிருக்கிறது. வீக்கம் வற்றட்டும். பத்து நாள் கழித்து வாருங்கள்" என்றார் டாக்டர்.

அந்த அம்மா திரும்பிப் போகவில்லை. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"காலை அசைக்காதே."

"முட்டிக்குக் கீழே தலையணை வை."

"மூணு மாசம் படுத்திரு. தானா சரியாகிடும்."

அம்மாவும் படுத்திருந்தார். ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. வலி குறைந்தது. வீக்கமும் பாதி வற்றியது. மார்கழியில் எழுந்து நடந்து பார்த்தார். நாலு அடி வைத்தார். முழங்கால் சட்டென்று மடங்கியது. சுவரைப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார்.

"வலி போயிடுச்சு. ஆனா கால்ல பலமே இல்லை. இனி நான் படி ஏற மாட்டேன். கடையை வேற யாருக்காவது கொடுத்திடலாம்" என்று மருமகளிடம் சொல்லி அழுதார்.

மருமகள் விடவில்லை. "அத்தே, பத்து நாள்ல வரச் சொன்னாங்க. நாம ரெண்டு மாசம் போகலை. நாளைக்கே போகலாம், வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

நாரால் ஓர் அளவு

டாக்டர் பார்த்துவிட்டுப் பிசியோதெரபி பகுதிக்கு அனுப்பினார். பிசியோதெரபி என்றால் உடற்பயிற்சியால் செய்யும் வைத்தியம். அங்கே இருந்த பெண்ணுக்குச் சேலம் சொந்த ஊர். தமிழில் பேசினார்.

"அம்மா, உங்க மடியில என்ன?"

"பூக்கட்டுற நார், தாயி. சும்மா உக்காந்திருக்கும்போது கட்டலாம்னு கொண்டாந்தேன்."

"அதையே கொடுங்க. உங்க காலை அளந்து பார்க்கலாம்."

அந்தப் பெண் அம்மாவைக் கால் நீட்டி உட்கார வைத்தார். இடது முட்டிக்கு மேலே ஒரு சாண் அளந்தார். அந்த இடத்தில் நாரைத் தொடையைச் சுற்றிப் பிடித்து முடிச்சுப் போட்டார். வலது முட்டிக்கு மேலும் ஒரு சாண் அளந்தார். அங்கே இன்னொரு நார். இரண்டு நாரையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிக் காட்டினார்.

வலது காலின் நார் இரண்டு விரல்கடை குறைவாக இருந்தது.

பூக்கார அம்மா திகைத்துப் போனார். "அடி பட்டது முட்டியில தானே? தொடை எதுக்கு மெலிஞ்சது?"

நல்ல கேள்வி. இந்தப் பாடத்தின் முக்கியமான கேள்வியும் இதுதான்.

மோட்டார் நன்றாக இருக்கிறது, கரண்டு வரவில்லை

தொடையின் முன்பக்கத்தில் பெரிய தசை இருக்கிறது. அது நான்கு பிரிவுகள் கொண்டது. முழங்காலை நீட்டுவது இந்தத் தசைதான். உட்கார்ந்து எழுவதற்கும், படி ஏறுவதற்கும், முட்டி மடங்காமல் நிற்பதற்கும் இது வேண்டும்.

தசை தானாக வேலை செய்யாது. மூளையிலிருந்து கட்டளை வர வேண்டும். கட்டளை முதுகுத்தண்டு வழியாக நரம்பில் இறங்கித் தசைக்கு வரும். உடனே தசை இறுகும்.

மூட்டுக்குள்ளும் நரம்பு முனைகள் இருக்கின்றன. மூட்டில் அடிபட்டாலோ, நீர் கோத்து வீங்கினாலோ, அவை முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்பும். "இங்கே ஆபத்து. இந்த மூட்டை இழுக்காதே" என்பது போன்ற செய்தி அது. உடனே முதுகுத்தண்டு தொடைத் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடும்.

வயலில் பம்ப் செட் இருக்கிறது. மோட்டார் பழுதாகவில்லை. ஆனால் பாதி கரண்டுதான் வருகிறது. தண்ணீர் வருமா? அதேபோலத்தான் இதுவும். தசையில் நோய் இல்லை. தசைக்கு வரும் கட்டளை குறைந்துவிட்டது.

இதை நாம் மன உறுதியால் வெல்ல முடியாது. "முயற்சி பண்ணு, சோம்பேறித்தனம் பண்ணாதே" என்று நோயாளியைத் திட்டுவது தவறு. கட்டளையைக் குறைப்பது அவர் அல்ல. அவருக்குத் தெரியாமலே உடம்பு அதைச் செய்கிறது.

இது எப்படித் தெரிந்தது?

1965-ல் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். முழங்கால் மூட்டுக்குள் ஊசியால் திரவம் ஏற்றினார்கள். மூட்டு உப்பியது. தொடைத் தசையின் வேலை குறைந்தது.

1984-ல் இன்னொரு சோதனை முடிவு வந்தது. நல்ல முழங்காலில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு நீர் ஏற்றிப் பார்த்தார்கள். 20 முதல் 30 மில்லி லிட்டர் ஏற்றியதுமே தொடையின் உள்பக்கத் தசை மந்தமானது. 30 மில்லி என்பது எவ்வளவு? இருமல் மருந்துப் பாட்டிலின் 10 மில்லி மூடியால் மூன்று மூடி. அவ்வளவுதான். 50 முதல் 60 மில்லி ஏற்றியபோது தொடையின் மற்றத் தசைகளும் மந்தமாயின.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. பெரிய வலி இல்லாவிட்டாலும், மூட்டில் வீக்கம் இருந்தால் தசை பலம் இழக்கும். "வலி இல்லை, அதனால் கவலை இல்லை" என்று இருந்துவிடக் கூடாது.

சுற்றிச் சுற்றி வரும் கேடு

வேலை செய்யாத தசை மெலியும். கட்டு மாட்டையே கட்டி வைத்தால் என்ன ஆகும்? நாலு மாதம் கழித்து ஏரில் பூட்டினால் தள்ளாடும். தசையும் அப்படித்தான்.

பூக்கார அம்மாவுக்கு நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

முட்டியில் அடி பட்டது.
முட்டி வீங்கியது.
தொடைக்கு வரும் கட்டளை குறைந்தது.
அவரும் இரண்டு மாதம் படுத்துவிட்டார்.
தசை மேலும் மெலிந்தது.
நடக்கும்போது முட்டியைத் தாங்க ஆள் இல்லை.
முட்டி மடங்கியது.
மறுபடி அடி படும். மறுபடி வீங்கும்.

செக்கு மாடு போல இது சுற்றிச் சுற்றி வரும். எங்கேயாவது ஓரிடத்தில் இதை நிறுத்த வேண்டும். நிறுத்த நமக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வீக்கத்தைக் குறைப்பது. இரண்டு, தசைக்கு வேலை கொடுப்பது.

புதிதாக அடிபட்ட சில நாட்களுக்கு ஓய்வு தேவைதான். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் வைக்கலாம். ஐஸைத் தோலில் நேராக வைக்கக் கூடாது. காலை உயர்த்தி வைக்கலாம். ஆனால் முட்டிக்கு அடியில் எப்போதும் தலையணை வைத்திருக்கக் கூடாது. முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும்.

ஓய்வு என்பது நாள் கணக்கு. அதை மாதக் கணக்கு ஆக்கக் கூடாது.

அம்மா செய்த பயிற்சிகள்

பிசியோதெரபிப் பெண் மூன்று பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார்.

ஒன்று: பாயில் கால் நீட்டி உட்கார வேண்டும். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைக்க வேண்டும். முட்டியால் துண்டைக் கீழே அழுத்த வேண்டும். ஐந்து எண்ணும் வரை அழுத்தி, பிறகு விட வேண்டும். இதுபோல் பத்துத் தடவை. பயிற்சி முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும்.

இரண்டு: மல்லாந்து படுக்க வேண்டும். நல்ல காலை மடக்கிக்கொள்ள வேண்டும். நோவுக் காலை மடங்காமல் நேராக ஒரு முழத்துக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். ஐந்து எண்ணி மெதுவாக இறக்க வேண்டும். பத்துத் தடவை.

மூன்று: உயரமான நாற்காலியில் உட்கார வேண்டும். முதலில் கையை ஊன்றி எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். பலம் வந்த பிறகு கையை ஊன்றாமல் எழ வேண்டும். ஐந்து தடவையில் தொடங்கலாம்.

"மூச்சை அடக்காதீங்க. வாய்விட்டு எண்ணுங்க. கொஞ்சம் வலிச்சா பயப்பட வேண்டாம். ஆனா மறுநாள் முட்டி முன்னைவிட வீங்கினா, அது அதிகம்னு அர்த்தம். அன்னைக்குக் குறைச்சிக்குங்க" என்றார் அந்தப் பெண்.

எல்லாருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. எலும்பு முறிந்தவர், ஆபரேஷன் செய்தவர், நெஞ்சு வலி உள்ளவர் டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

படி ஏறும் முறை

படி ஏறும்போது முழங்காலில் நம் உடல் எடையைப் போல் சுமார் மூன்று மடங்கு சுமை விழுகிறது. அறுபது கிலோ எடையுள்ளவர் படி ஏறினால், அவர் முட்டி ஒரு நெல் மூட்டைக்கு மேலான சுமையைத் தாங்குகிறது. அந்தச் சுமையைத் தாங்க உதவுவது தொடைத் தசை.

ஆகவே இதை நினைவில் வையுங்கள்.

ஏறும்போது நல்ல கால் முன்னே.
இறங்கும்போது நோவுக் கால் முன்னே.
கைப்பிடி இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.
கைத்தடியை நோவுக் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். வலது முட்டி நோவு என்றால் தடி இடது கையில்.

உடல் பருமன் உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் முட்டிக்கு நல்லது. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறையும் என்று 2005-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது.

நோட்டில் எழுதிய கணக்கு

பூக்கார அம்மா அறிவொளி வகுப்பில் எழுதப் படித்தவர். பேரனின் பழைய நோட்டை எடுத்தார். தேதி போட்டார். பக்கத்தில் எத்தனை தடவை என்று எழுதினார்.

தை முதல் வாரம்: காலை 10, மாலை 10.
இரண்டாம் வாரம்: காலை 10, மதியம் 10, மாலை 10.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் அலுத்துக்கொண்டார். "நார் வச்சுப் பார்த்தேன். அதே ரெண்டு விரல்கடை. ஒண்ணும் மாறலை. எதுக்கு இந்தப் பாடு?"

மருமகள் நோட்டைப் புரட்டினாள். "அத்தே, முதல் நாள் நாற்காலியில இருந்து கை ஊன்றித்தான் எழுந்தீங்க. இப்ப கை ஊன்றாம எட்டுத் தடவை எழுதிருக்கீங்களே. இது நீங்க எழுதின கணக்குதானே?"

அம்மா பார்த்தார். ஆமாம், தன் கையெழுத்துதான்.

மருமகள் சொன்னது சரி. பயிற்சி தொடங்கிய முதல் வாரங்களில் தசை பருப்பதில்லை. முதலில் நரம்பின் கட்டளை சீராகிறது. அதனால் பலம் முதலில் வரும். சதை பிறகு வரும். கண்ணுக்கு மாற்றம் தெரியவில்லை என்று பயிற்சியை விடக் கூடாது.

பங்குனி வந்தது. மேல்கோட்டையில் வைரமுடித் திருவிழா. மாண்டியா கருவூலத்தில் வைத்திருக்கும் வைரமுடியைக் காவலோடு கொண்டுவந்து பெருமாளுக்குச் சாத்துவார்கள். இரவு முழுவதும் கூட்டம். பூவுக்கு நல்ல விற்பனை.

பூக்கார அம்மா கடையில் உட்கார்ந்திருந்தார். பாயில் அல்ல, ஒரு உயரமான முக்காலியில். கூடையைத் தலையில் சுமக்கவில்லை. மருமகள் சுமந்தாள். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்து, நல்ல காலை முன்னே வைத்து, இருபது படி ஏறினார். நின்று இளைப்பாறினார். மேலும் இருபது படி ஏறினார். முட்டி மடங்கவில்லை.

அன்று இரவு நார் வைத்து அளந்தார்கள். இன்னும் ஒரு விரல்கடை குறைவுதான்.

"இருக்கட்டும். ஒரு விரல்கடை வந்துடுச்சே. மீதி ஆடிக்குள்ள வந்திடும்" என்று சிரித்தார் அம்மா.

தேய்ந்த மூட்டு புதியது ஆகவில்லை. அது ஆகாது. ஆனால் அதைத் தாங்கும் தசை திரும்பி வருகிறது. கடை கைவிட்டுப் போகவில்லை.

வேறு யாருக்கு வரும்?

முழங்காலுக்கு மட்டும் இது வருவதில்லை. தோள் மூட்டில் நோவு வந்தவர் கையைத் தூக்காமலே இருப்பார். தோள்பட்டைச் சதை மெலிந்துவிடும். இடுப்பு மூட்டில் நோவு உள்ளவருக்கு இடுப்புத் தசை பலம் இழக்கும். மாவுக்கட்டுப் பிரித்தவரின் கையோ காலோ மெலிந்திருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

முடக்குவாதம் என்ற நோய் வேறு. அதில் விரல் மூட்டுகள் போன்ற பல மூட்டுகள் வீங்கும். காலையில் எழுந்தால் அரை மணி, ஒரு மணி நேரம் வரை விறைப்பு இருக்கும். இதற்குப் பயிற்சி மட்டும் போதாது. சீக்கிரமே மருந்து தொடங்க வேண்டும். தள்ளிப்போட்டால் மூட்டு கோணிவிடும்.

மூட்டு மிகவும் தேய்ந்தவர்களுக்கு மாற்று மூட்டு ஆபரேஷன் செய்கிறார்கள். வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது 2000-ல் ஒரு முழங்காலுக்கும், 2001-ல் மறு முழங்காலுக்கும் மும்பையில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டார். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. விலை குறைந்தது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகும் தொடைத் தசைக்குப் பயிற்சி வேண்டும். புது மூட்டைத் தாங்குவதும் அதே தசைதான்.

ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவர் என்ன செய்வது? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அதில் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

பெயர் தெரியாத பொட்டல மாத்திரைகளை வாங்கி விழுங்காதீர்கள்.
வலி மாத்திரையை மாதக் கணக்கில் நீங்களாகச் சாப்பிடாதீர்கள். வயிற்றில் புண் வரும். சிறுநீரகம் கெடும்.
இறுக்கமாகக் கட்டுப் போடாதீர்கள். ரத்த ஓட்டம் நின்றுபோகும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால்.
அடிபட்ட காலை ஊன்றவே முடியாவிட்டால்.
முட்டி பூட்டு விழுந்தது போல நீட்டவோ மடக்கவோ முடியாவிட்டால்.
கெண்டைக்கால் வீங்கி வலித்தால்.
முதுகு வலியோடு கால் மரத்து, சிறுநீர் அடைத்தாலோ தானாகப் போனாலோ.
திடீரென்று ஒரு பக்கக் கையும் காலும் விழுந்தால். இது மூட்டு நோய் அல்ல, பக்கவாதம். 108-க்குப் போன் செய்யுங்கள்.

படித்ததைச் சொல்லுங்கள்

1. முட்டியில் அடிபட்டால் தொடை ஏன் மெலிகிறது?
2. பூக்கார அம்மா இரண்டு மாதம் படுத்திருந்ததால் என்ன நேர்ந்தது?
3. பலம் முதலில் வருமா, சதை முதலில் வருமா?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. ஏறும்போது ________ கால் முன்னே.
2. இறங்கும்போது ________ கால் முன்னே.
3. இடது முட்டியில் நோவு என்றால் தடி ________ கையில்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் முட்டி நோவு உள்ளவர் யார்? ஒரு நூலால் அவருடைய இரண்டு தொடைகளையும் அளந்து பாருங்கள். முட்டிக்கு மேல் ஒரே உயரத்தில் அளக்க வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தேதியையும் அளவையும் நோட்டில் எழுதி வையுங்கள்.